ஓடும் ரயிலில் ஒரு தீர்ப்பு



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட ஒருவரிடம் அதே இடத்தில், அதே நிமிடத்தில் அபராதம் வசூலிக்கிறார்களே, அது நியாயமா? எப்போது நியாயம்? எப்போது அநியாயம்? இதுதான் கேள்வி. 250 ரூபாய் விவகாரத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். அந்த 250 ரூபாய் கையில் இல்லாத மனிதருக்காகத்தான் இந்தச் சொற்பொழிவு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வித்தவுட்டில் போவதை நியாயப்படுத்த நான் இங்கே வரவில்லை. அதிகாலையில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று ஐந்து ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்குகிறாரே பூக்கார அம்மா, அவருக்குப் பக்கத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் ஓர் ஆள் டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்கார்ந்தால், அவர் ரயில்வேயை மட்டுமா ஏமாற்றுகிறார்? அந்த அம்மாவையும் ஏமாற்றுகிறார். கட்டணம் கட்டுகிறவர்களின் காசில்தான் ரயில் ஓடுகிறது. அந்தக் கட்டணமும் போதாமல் நம் வரிப்பணமும் அதில் சேர்கிறது. ஆகவே பரிசோதனை வேண்டும். அபராதமும் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2022-23 நிதியாண்டில் டிக்கெட் இல்லாமலோ தவறான டிக்கெட்டோடோ இந்திய ரயில்களில் பிடிபட்டவர்கள் சுமார் 3.6 கோடி பேர். அவர்களிடம் வசூலான தொகை சுமார் 2,200 கோடி ரூபாய். ஆளுக்கு 600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. 3.6 கோடி என்றால் ஆஸ்திரேலியாவின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். நான் உங்களைக் கேட்கிறேன், இந்த 3.6 கோடிப் பேரும் மோசடிக்காரர்களா? அவசரத்தில் ஓடிவந்து ஏறியவர் எத்தனை பேர்? பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் முன்பதிவுப் பெட்டியில் ஏறியவர் எத்தனை பேர்? போனில் சார்ஜ் தீர்ந்துபோனவர் எத்தனை பேர்? சீசன் டிக்கெட்டை நேற்றைய சட்டைப்பையில் விட்டுவிட்டு வந்தவர் எத்தனை பேர்? எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது என்று நம் சட்டமே சொல்கிறது. 1989 ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 137, 138 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ரயில்வேயை ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்கிறவருக்கு 137. அதன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது குற்றம். மாஜிஸ்திரேட் விசாரித்துத்தான் தண்டிக்க முடியும். 138 வேறு. அதில் ஏமாற்றும் நோக்கம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே வராது. உரிய டிக்கெட் இல்லை, அல்லது கேட்டபோது காட்டவில்லை, அவ்வளவுதான். பயணம் செய்த தூரத்துக்கான கட்டணம், அதோடு கூடுதல் கட்டணமாக அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. 2004 வரை அந்த 250 வெறும் 50 ரூபாயாக இருந்தது. எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட இடத்திலிருந்தோ, கடைசியாக டிக்கெட் பரிசோதித்த இடத்திலிருந்தோ கட்டணம் கணக்கிடப்படும்.

நம்மூர்ப் புறநகர் ரயிலில் இது எப்படி நடக்கிறது? சென்னை கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய் டிக்கெட் இல்லாதவர் கட்ட வேண்டியது 255 ரூபாய். ஐம்பத்தொரு மடங்கு! முழுக்கட்டணம் கட்டியவருக்கும் இதே கதி வரலாம். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு ஓடிவந்து, கூட்டத்தில் எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிட்டால், கட்டண வித்தியாசத்தோடு அந்த 250-ஐயும் எண்ணி வைக்க வேண்டும். மாதம் லட்ச ரூபாய் வாங்குகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது அன்றைய கூலியில் பாதி. அபராதம் எல்லோருக்கும் ஒன்றுதான். வலி ஒன்றா?

இந்த இடத்தில் இன்னொரு மனிதரையும் நாம் பார்க்க வேண்டும். டிக்கெட் பரிசோதகர். கறுப்புக் கோட்டு, கையில் ரசீதுப் புத்தகம் அல்லது சின்ன இயந்திரம். அந்த மனிதருக்கு நாம் என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? பிடிப்பவர் அவர். குற்றம் சாட்டுபவர் அவர். சாக்குப்போக்கைக் கேட்டு அது உண்மையா பொய்யா என்று முடிவு செய்பவர் அவர். பணத்தை எண்ணி வாங்குபவரும் அவர். ஊரில் நான்கு பேர் செய்கிற வேலையை, குலுங்கிக்கொண்டு ஓடும் பெட்டியில், அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள், ஒருவர் நின்றுகொண்டே செய்து முடிக்க வேண்டும். இது அவருக்கே நாம் செய்கிற அநியாயம் இல்லையா?

ஒரு ரயில் நிலையத்தின் வெளிவாசலில் நான் பார்த்த காட்சி இது. ஊரைச் சொல்ல வேண்டாம். ஒரு வயதான அம்மாவை நிறுத்தி டிக்கெட் கேட்டார்கள். “பேரன் போன்ல போட்டுக் குடுத்தான் சார், போன் அணைஞ்சு போச்சு” என்றார் அந்த அம்மா. ரயில்வேயின் செயலியில் எடுத்த டிக்கெட்டைப் போனில் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாதவர் என்பதுதான் விதி. பக்கத்தில் நின்ற இளம் பரிசோதகர் ஒருவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். மூத்த பரிசோதகர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். தன் பையிலிருந்து பவர் பேங்கை எடுத்தார். “உக்காருங்கம்மா, அஞ்சு நிமிஷம்” என்றார். போன் உயிர் பெற்றது. செயலியைத் திறக்க அம்மாவுக்குத் தெரியவில்லை, அவரே திறந்து பார்த்தார். டிக்கெட் இருந்தது. “போயிட்டு வாங்க” என்றார்.

கேட்பதற்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு அன்று நியாயம் கிடைத்தது எதனால்? சட்டத்தாலா? விதியாலா? இல்லை. அந்த மூத்தவர் அன்று பணியில் இருந்தார், அவரிடம் பவர் பேங்க் இருந்தது, அவர் மனம் இளகியது. அந்த இளைஞர் மட்டும் இருந்திருந்தால்? அவரும் கெட்டவர் இல்லை, விதிப்படி நடப்பவர். ஒரு குடிமகளுக்குக் கிடைக்கிற நியாயம், எதிரே நிற்கிற அதிகாரியின் சுபாவத்தைப் பொறுத்தது என்றால், அதற்குப் பெயர் கருணை. கருணை கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் டிக்கெட் வாங்கியவர் கருணைக்காகக் காத்திருக்க வேண்டுமா?

இதே பரிசோதகருக்கு மேலிடத்திலிருந்து என்ன செய்தி போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் ரயில்வே அமைச்சகம், தெற்கு ரயில்வேயின் தலைமைப் பரிசோதகர் ஒருவர் ஓராண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் வசூலித்தார் என்று பொதுவெளியில் பாராட்டியது. அந்தப் பெண்மணியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெயிலிலும் நெரிசலிலும் நின்று செய்த வேலை அது. என் கேள்வி அமைச்சகத்துக்கு. கோடி வசூலித்தவரைப் பாராட்டுகிறீர்கள். பவர் பேங்கை எடுத்து நீட்டினாரே, அவரை எந்தக் கணக்கில் பாராட்டுவீர்கள்? அபராதத்தை வருமானமாக எண்ணத் தொடங்கிய நாளில், மன்னித்து அனுப்புவது நஷ்டமாகிவிடுகிறது.

சரி, கையோடு வாங்கும் அபராதம் நமக்கு மட்டும் உள்ள சிக்கலா? இல்லை. இதைச் செய்து பார்த்து, சுட்டுக்கொண்டு, கைவிட்ட ஓர் ஊரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கிற ஊர், ஈழத்திலிருந்து போன நம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிற ஊர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன்.

மெல்பர்ன் என்றால் டிராம். உலகத்தின் மிகப் பெரிய டிராம் வலையமைப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த டிராம்களில் கண்டக்டர்கள் இருந்தார்கள். நம் பஸ்ஸில் போலவே அவர்கள் வந்து டிக்கெட் கொடுப்பார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று 1990களில் அவர்களைப் படிப்படியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 1998-இல் கடைசிக் கண்டக்டரும் போய்விட்டார். அதன்பின் டிக்கெட் வாங்குவது பயணியின் பொறுப்பு. பிறகு மைக்கி என்ற அட்டை வந்தது. பணம் ஏற்றிவைத்து, ஏறும்போது இயந்திரத்தில் தொட வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்போது டிராமுக்குள் அந்த அட்டையை வாங்கவும் முடியவில்லை, அதில் பணம் ஏற்றவும் முடியவில்லை! ஏறிய பிறகுதான் இருப்பு தீர்ந்தது தெரிந்தது என்றால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கடையைத் தேட வேண்டியிருந்தது. இணையத்தில் பணம் கட்டினால் அது அட்டையில் வந்து சேர ஒரு நாள் வரை ஆனது. கண்டக்டரை எடுத்துவிட்டார்கள், டிக்கெட் வாங்கும் வழியையும் சுருக்கிவிட்டார்கள், பரிசோதகர்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

2014 ஆகஸ்டில் ஒரு புதுத் திட்டம் வந்தது. பிடிபட்டால் இரண்டு வழி. முதல் வழி: அங்கேயே கார்டை நீட்டி 75 டாலர் கட்டலாம். பெயர் கேட்க மாட்டார்கள், விலாசம் கேட்க மாட்டார்கள், விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. கட்டிவிட்டால் அதன்பிறகு முறையிட முடியாது. இரண்டாம் வழி: பெயர் கொடுத்து வழக்கமான அபராத நோட்டீஸை வாங்கிக்கொள்ளலாம். அது 200 டாலருக்கு மேல். அதை எதிர்த்து விளக்கம் கொடுக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம்.

இதைக் கேட்டால் சலுகைபோலத்தானே இருக்கிறது? 200-க்குப் பதில் 75, அலைச்சல் இல்லை. நல்லதுதானே? அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நடந்தது என்ன?

ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பணம் இருக்கிறது. இயந்திரத்தில் தொட்டார், அது பதிவாகவில்லை. தவறு அவருடையது இல்லை. இரண்டு மூன்று அதிகாரிகள் சூழ்ந்து நிற்கிறார்கள், பயணிகள் வேடிக்கை பார்க்கிறார்கள், வகுப்புக்கு நேரமாகிறது. “என் தவறு இல்லை” என்று வாதாட நினைத்தால் 200 டாலர் தலைக்குமேல் தொங்குகிறது. 75-ஐக் கட்டினால் இப்போதே போகலாம். அவர் என்ன செய்வார்? கட்டுவார். தவறு செய்யாதவர், தவறு செய்யவில்லை என்று சொல்லும் உரிமையைக் கைவிட்டுவிட்டுப் போவார்.

இன்னொருவர் தினமும் ஓசியில் போகிறவர். வசதியானவர். பிடிபட்டால் 75 டாலரை நீட்டுவார். பெயர் பதிவில்லை. அடுத்த முறையும் நீட்டுவார், அப்போதும் பதிவில்லை. பத்து முறை பிடிபட்டாலும் அவர் சுத்தமானவர்தான். மூன்றாமவர் வேலை தேடி அலைகிறவர். கார்டில் 75 டாலர் இல்லை. அவருக்குத்தான் 200-க்கு மேல்! அப்பாவி அச்சத்தால் கட்டினார், எத்தன் வசதியால் தப்பினார், ஏழை ஏழையாக இருந்ததற்காக மூன்று மடங்கு கட்டினார்.

இதை அந்த ஊரில் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். ஜூலியன் பர்ன்சைட் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர், மைக்கி அபராதத்தை எதிர்த்து நீதிமன்றம் போகிறவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் உதவுவதாக 2016-இல் வெளிப்படையாக அறிவித்தார். அதே 2016-இல் விக்டோரியா மாநிலத்தின் குறைகேள் அதிகாரி டெபோரா கிளாஸ் முழு விசாரணை நடத்தி, மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டார். ஆதரவற்றவர்களையும் தடுமாறியவர்களையும் கசக்குகிற முறையாக இது இருக்கிறது, தெரிந்தே ஏய்ப்பவர் தப்பிக்கிறார் என்பதுதான் விமர்சனத்தின் சாரம். அரசு காதுகொடுத்துக் கேட்டது. 2017 ஜனவரி 1 முதல் அந்த 75 டாலர் திட்டம் ஒழிந்தது. டிராம் ஓடுவது நின்றுவிட்டதா? நிற்கவில்லை. பரிசோதனை நின்றதா? நிற்கவில்லை. அபராதமும் இருக்கிறது. போனது ஒன்றே ஒன்றுதான். பணத்தை உடனே கொடுத்தால் உன் வாயை அடைத்து அனுப்புகிறேன் என்ற பேரம் போனது.

என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அபராதத்தின் தொகையைவிடப் பெரிய கேள்வி இது: பணம் கட்டிய பிறகும் அவர் பேச முடிகிறதா? “கட்டிவிட்டேன், ஆனால் என் பக்கத்தைக் கேளுங்கள்” என்று சொல்ல ஒரு கதவு திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் 500 ரூபாய் அபராதமும் நியாயமாக இருக்கலாம். மூடியிருந்தால் 50 ரூபாயும் அநியாயம்தான்.

கதவை மூடி வைத்துக்கொண்டு வேகமாகத் தண்டித்தால் எவ்வளவு தூரம் வழுக்கலாம் என்பதற்கு இங்கிலாந்து அண்மைச் சாட்சி. 2023 ஜனவரியிலிருந்து அங்கே தண்டக் கட்டணம் 100 பவுன். 21 நாளுக்குள் கட்டினால் பாதி. அதற்கு முன்பு அது வெறும் 20 பவுனாக, அல்லது கட்டணத்தைப்போல் இரண்டு மடங்காக இருந்தது. தொகை ஏறினாலும், அந்த முறையில் முறையீட்டுக்கு இடம் உண்டு, ரயில் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத அமைப்பு அதைப் பார்க்கும். சிக்கல் வந்தது வேறு பக்கத்திலிருந்து. சில ரயில் நிறுவனங்கள், 1889-இல் எழுதிய ஒரு பழைய சட்டத்தின் கீழ், பயணிகள்மீது குற்ற வழக்கே போட்டன. அதையும் ஒற்றை நீதிபதி விரைவு முறையில் நடத்தின. ஒரு மாஜிஸ்திரேட் பூட்டிய அறையில் உட்கார்ந்து காகிதத்தை மட்டும் படித்துத் தீர்ப்பு எழுதுவார். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழான குற்றத்துக்கு அந்த விரைவு முறையைப் பயன்படுத்த அனுமதியே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் அப்படி நடத்திய வழக்குகளைச் செல்லாதவை என்று அறிவித்தார். எத்தனை வழக்குகள் தெரியுமா? சுமார் 74,000! இத்தனை பேர் குற்றவாளி என்ற பட்டத்தோடு நடமாடியிருக்கிறார்கள். ஒரு வழக்கிலாவது அந்தப் பயணியை எதிரே நிறுத்தி, அவர் சொல்வதைக் காதால் கேட்டு, சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் இது இவ்வளவு தூரம் போயிருக்குமா?

ஜெர்மனியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. அதோடு, 1935-இல் நாஜி ஆட்சிக் காலத்தில் குற்றவியல் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவின்படி அது குற்றமும்கூட. நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தைக் கட்ட முடியாதவர் அதற்கு ஈடாகச் சிறைக்குப் போகிறார். 2021 டிசம்பரில் சிலர் சேர்ந்து ஒரு நிதி தொடங்கினார்கள். நன்கொடை திரட்டி, அபராதத்தைக் கட்டி, டிக்கெட் வழக்கில் சிறையில் இருப்பவர்களை வெளியே கொண்டுவருகிறார்கள். ஒரு பஸ் டிக்கெட்டுக்காக ஒரு மனிதரைச் சிறையில் வைத்துச் சோறு போட அரசு செய்கிற செலவு, அந்த டிக்கெட்டைப்போல எத்தனை மடங்கு என்று அந்த நாட்டில் இப்போது வெளிப்படையாகவே கேட்கிறார்கள்.

ஜெர்மனியைப் பார்த்து நாம் வியக்க வேண்டாம். நம் 138-ஆம் பிரிவின் வாலைப் படித்துப் பாருங்கள். கூடுதல் கட்டணத்தைச் செலுத்தத் தவறினாலோ மறுத்தாலோ மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை என்று அவர் உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால் பத்து நாளுக்குக் குறையக் கூடாது! வைத்துக்கொண்டு இல்லை என்கிறவரும், உண்மையிலேயே இல்லாதவரும் அந்த வரியில் ஒன்றாகவே நிற்கிறார்கள். 255 ரூபாய் இல்லாத ஒருவர் பத்து நாள் உள்ளே இருந்தால் பத்து நாள் கூலி போகும். வேலையும் போகும். வீட்டில் அடுப்பு எரியாது. மோசடி நோக்கம் நிரூபிக்கப்படாத ஒருவருக்கு இது அடுக்குமா? மோசடிக்கான 137-இல் வெறும் அபராதத்தோடு தப்ப வழி இருக்கிறது. மோசடி செய்யாதவருக்கான 138-இல், கையில் காசில்லாத ஒரே காரணத்துக்காகக் குறைந்தது பத்து நாள் சிறை என்ற கத்தி தொங்குகிறது. இதைப் பல மாஜிஸ்திரேட்டுகள் பெருந்தன்மையோடு கையாளலாம். ஆனால் சட்டப் புத்தகத்தில் அது இருக்கக் கூடாது.

நம் சட்டத்தில் இரக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 139-ஆம் பிரிவின்படி, துணைக்கு ஆண் இல்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்பதற்காக நடுவழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய இடத்தில், அல்லது ஜங்ஷனில், அல்லது கடைசி நிலையத்தில், அல்லது மாவட்டத் தலைநகரில் மட்டும்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும்தான். சட்டம் எழுதியவர்கள் அந்தப் பெண் இருட்டில் பிளாட்பாரத்தில் தனியாக நிற்பதை மனக்கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதேபோல 55-ஆம் பிரிவு. டிக்கெட் வாங்க முடியாத அவசரத்தில், அதற்கு அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதிச் சான்று பெற்று ஏறினால், கட்டணம் மட்டும்தான், கூடுதல் கட்டணம் கிடையாது. இந்தச் சலுகை இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்த ஸ்டேஷன் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அபராதப் பலகை இருக்கிற இடத்திலெல்லாம் இந்தச் சலுகைப் பலகையும் இருக்க வேண்டாமா? முன்பதிவு ரயிலில் இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. மின் டிக்கெட்டைக் காட்ட முடியவில்லை, ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது, அடையாள அட்டையும் இருக்கிறது என்றால் 50 ரூபாயோடு விடுவார்கள். ஏசி பெட்டிப் பயணிக்குக் கிடைக்கிற இந்த நியாயம், புறநகர் ரயிலில் சீசன் டிக்கெட்டை மறந்துவிட்டு வந்த தையல்காரப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அவர் சீசன் எடுத்தது ரயில்வேயின் கணினியில்தானே இருக்கிறது?

“அவகாசம் கொடுத்தால் ஓடிவிடுவார்கள், அப்புறம் எங்கே போய்ப் பிடிப்பது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். சிக்னலைத் தாண்டிப் போன காரை இப்போது என்ன செய்கிறோம்? இ-சலான் அனுப்புகிறோம். உடனே கட்டு என்று கழுத்தில் கை வைப்பதில்லை. பிறகு கட்டலாம், தவறு என் வண்டியுடையது இல்லை என்று எதிர்க்கலாம், நீதிமன்றம் போகலாம். சிக்னல் தாண்டிய கார் உயிரையே எடுக்கக்கூடியது. அந்தக் காரின் சொந்தக்காரருக்கு அவகாசம். ஐந்து ரூபாய் டிக்கெட் இல்லாத கூலித் தொழிலாளிக்கு அவகாசம் இல்லை. காரில் போகிறவரின் சொல்லை நம்புகிற நாடு, பொதுப் பெட்டியில் போகிறவரின் சொல்லை நம்பாதா?

கடைசியாகப் பரிசோதகர்களின் உயிரைப் பற்றி. 2024 ஏப்ரல் 2 அன்று கேரளத்தில் திருச்சூருக்கு அருகே, எர்ணாகுளத்திலிருந்து பாட்னா போன ரயிலில், டிக்கெட் கேட்ட பரிசோதகர் ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டு இறந்தார். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு ஈடும் கிடையாது. ஆனால் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஓடும் பெட்டியின் வாசலருகே, பணம் இல்லாதவரிடம் பணம் கேட்கும் வேலையைத் தனி மனிதர் ஒருவரின் கையில் கொடுத்து அனுப்புகிறோமே, எதற்காக? ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாளில் கட்டுங்கள், ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெட்டிக்குப் போக முடியுமானால், எத்தனை சண்டைகள் மூளாமலே போகும்! பயணிக்கு நல்லது என்று நான் கேட்பது பரிசோதகருக்கும் நல்லது.

ஆகவே நண்பர்களே, கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அபராத ரசீதின் பின்புறத்திலேயே முறையீடு செய்யும் வழி அச்சிடப்பட வேண்டும். முறையீட்டைப் பார்ப்பவர் வசூலிக்கும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அடையாளம் காட்டுகிறவருக்குக் கட்டுவதற்கு அவகாசம் வேண்டும். சீசன் டிக்கெட்டையோ போன் டிக்கெட்டையோ காட்ட முடியாமல் போய், பிறகு நிரூபிக்கிறவருக்கு அந்த 50 ரூபாய் விதியைப் பொதுவாக்க வேண்டும். டிக்கெட் இயந்திரம் பழுதான ஸ்டேஷனில் ஏறியவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. இவ்வளவும் நிர்வாகத்துக்கு. பத்து நாள் சிறை என்ற அந்த வரியை நீக்கச் சொல்லி நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தனிக் கடிதம்.

இரண்டு கடிதங்களும் வாசல் மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். உங்களுக்கு நேர்ந்ததை ஓரத்தில் எழுதுங்கள், எந்த நிலையம், எந்தத் தேதி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், ரசீது இருந்தால் நகல் சேருங்கள். இந்த அரங்கில் பணியிலும் ஓய்விலும் உள்ள பரிசோதகர்கள் சிலர் வந்திருக்கிறார்கள் என்று அறிகிறேன். கடிதங்களில் கையெழுத்துக்கான முதல் வரி அவர்களுக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது.